35 ஆம்பியர் பிரேக்கரும் 14 ஆம்பியர் மோட்டாரும்

எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், அது எப்படி எரிந்தது என்பதைக் காயிலே சொல்லிவிடும். எண்பதுகளின் நடுவில், கோவை கணபதியில் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலை பழகப் போனபோது எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. மூன்று பேஸ் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால், மோட்டார் தன்னால் முடியாத சுமையை நெடுநேரம் இழுத்திருக்கிறது. அல்லது பேரிங் இறுகிச் சுற்ற முடியாமல் நின்றிருக்கிறது. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி மூன்றாவது பேஸ் வார்னிஷ் மினுமினுப்புக் குறையாமல் இருந்தால், ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டா என்றால் கணக்கு மாறும்: ஒன்று மட்டும் கருகி மற்ற இரண்டும் தப்பித்திருக்கும். ஒரே இடத்தில் தாமிரம் உருகித் தெறித்துக் குழி விழுந்து, சுற்றியுள்ள காயில் எல்லாம் நல்ல நிறத்தில் இருந்தால் அது ஷார்ட் சர்க்யூட்.

இந்தக் கடைசி வகை எங்கள் கடைக்கு அபூர்வமாகத்தான் வரும். வந்து குவிந்தவை எல்லாம் முதல் மூன்று வகைதான். அதாவது நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் வெந்து செத்த மோட்டார்கள். கொண்டு வருகிறவர்கள் வண்டியிலிருந்து இறக்கும்போதே சொல்லும் வார்த்தையும் ஒன்றுதான்: “பிரேக்கர் நல்ல கம்பெனிதானுங்க. ஆனா ட்ரிப்பே ஆகலீங்களே!”

கடை அண்ணன் அதற்குப் பதில் சொல்லமாட்டார். டீ வாங்கிவரச் சொல்லுவார். அவர்கள் போன பிறகு எங்களிடம் சொல்லுவார்: “வாசல்ல கட்டுன நாய் திருடனுக்குத்தான் கொலைக்கும். அடுப்புல பால் பொங்குறதுக்கு அது எப்படிரா கொலைக்கும்? பிரேக்கர் வாசல் நாயி. பாலைப் பாத்துக்கறது ஓவர்லோடு ரிலே. அதை எவனும் திரும்பிப் பாக்கறதில்ல.”

மோட்டார் சர்க்யூட்டுக்கு பிரேக்கர் தேர்ந்தெடுப்பது பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன். அண்ணன் சொன்னதற்கு மேல் அடிப்படையாக எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் எண்களைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

கோயமுத்தூர்க்காரனுக்கு மோட்டார் புதிதல்ல. பைக்காரா மின்சாரம் முப்பதுகளில் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் இங்கே மில்கள் பெருகின. ஏற்றம் இறைத்த கிணறுகளில் பம்புசெட் ஏறியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டாரையே இங்கே செய்துவிட்டார்கள். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத்தோ ஒரு வைண்டிங் கடையோ இருக்கும். மோட்டார் செய்யத் தெரிந்தவர்களும் காயில் கட்டத் தெரிந்தவர்களும் வீதிக்குப் பத்துப் பேர். ஆனால் அந்த மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் பிரேக்கர் என்று கேட்டால் பத்துப் பேரும் பத்துப் பதில் சொன்னார்கள். எதுவும் கணக்குப் போட்டுச் சொன்ன பதில் அல்ல. போன தடவை எது ட்ரிப் ஆகாமல் நின்றதோ அதுதான் பதில்.

மோட்டார் ஒரு பல்பு அல்ல என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. பல்புக்குக் கணக்கு சுலபம்: எடுக்கும் கரண்டைவிடக் கொஞ்சம் பெரிய பிரேக்கர், அதைத் தாங்கும் வயர். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு ஏழு மடங்கு கரண்டை இழுக்கும். 415 வோல்ட்டில் எச்.பி.க்குச் சுமார் 1.4 ஆம்பியர் என்பது எங்கள் வாய்க்கணக்கு. 10 எச்.பி. மோட்டார் 14 ஆம்பியர் எடுக்கும். நேராக ஸ்டார்ட் செய்தால் முதல் சில விநாடிகள் 90, 100 ஆம்பியர். சுவிட்ச் போட்ட அந்த முதல் கணத்தில் அதற்கும் மேலே ஒரு எகிறு எகிறி இறங்கும்.

இப்போது பிரேக்கரைப் பாருங்கள். அதற்குள் இரண்டு உறுப்பு. ஒன்று, சூடாகி வளையும் உலோகப் பட்டை; அது மெதுவாக வேலை செய்யும். இன்னொன்று காந்தச் சுருள். அது உடனே அடிக்கும். பி வகை எம்சிபி-யில் (சின்ன பிரேக்கரை அப்படித்தான் சொல்வோம்) அந்தக் காந்தம் தன் அளவைப் போல 3 முதல் 5 மடங்குக்குள் அடிக்கும். சி வகையில் 5 முதல் 10. டி வகையில் 10 முதல் 20. 14 ஆம்பியர் மோட்டாருக்கு சி வகை 16 ஆம்பியர் போட்டால், காந்தம் 80-க்கும் 160-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். மோட்டாரோ 100 கேட்கிறது. ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும். ஒரு நாள் ஆகாது. இரண்டு பிரேக்கர் ஒரே கம்பெனி, ஒரே அளவாக இருந்தாலும் ஒன்று நிற்கும், ஒன்று விழும். எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? 25 போடுவார். அது விழுந்தால் 32. அப்புறம் 63.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பேனல் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு மாறியிருந்தேன். அப்போது பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏழரை எச்.பி. பம்பு. மீட்டர் அறையில் பிரேக்கர். அங்கிருந்து கிணற்றடி ஸ்டார்ட்டருக்கு 150 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். மண்ணுக்குள் ஓடிய கேபிள் வழி நெடுகப் பொசுங்கி, பி.வி.சி. உருகி ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிரேக்கர் 63 ஆம்பியர். அது அப்போதும் விழவில்லை. தோட்டத்துக்காரர் புகையைப் பார்த்து ஓடி வந்து கையால் இறக்கியிருக்கிறார்.

“ஷார்ட் ஆனா பிரேக்கர் விழணுமல்லங்க? ஏன் விழலை?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் கேபிளின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் ஏழரை ஓம். 150 மீட்டர் போய் 150 மீட்டர் திரும்பினால் இரண்டேகால் ஓம் வருகிறது. கிணற்றடியில் இரண்டு பேஸ் முட்டிக்கொண்டால்கூட 415 வோல்ட்டால் அந்தக் கம்பி வழியே 190 ஆம்பியருக்குக் கீழேதான் தள்ள முடியும். 63 ஆம்பியர் சி வகை பிரேக்கரின் காந்தம் அசையவே குறைந்தது 315 ஆம்பியர் வேண்டும். ஆக அது நடந்ததை ஷார்ட் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஓவர்லோடு என்று நினைத்துக்கொண்டு பட்டை சூடாகக் காத்திருந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் அந்தக் கரண்டை இரண்டரை விநாடிக்கு மேல் தாங்காது. பிரேக்கர் யோசித்து முடிப்பதற்குள் கேபிள் முடிந்துவிட்டது.

4 சதுர மில்லிமீட்டர் கேபிளும் டி வகை 16 ஆம்பியர் எம்சிபி-யும் போட்டுக் கொடுத்தோம். 16-ஐப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “63-லேயே இந்தக் கதி. 16 போட்டா எடுக்குமுங்களா?” என்றார். எடுத்தது. பிரேக்கரின் முகப்பில் இருக்கும் எண் ஒன்று, அது அடிக்கும் வேகம் வேறொன்று என்பதை அவர் அன்று பார்த்துத்தான் நம்பினார்.

ஓவர்லோடு ரிலேக்கு நடக்கும் கொடுமை இதைவிடப் பெரிது. ஒரு மாவு மில்லில் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தேன். ரிலே புத்தம் புதியது, நல்ல கம்பெனி. 95, 96 என்று எண் போட்ட இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயர். மோட்டாருக்குப் போகும் கரண்டை இணைத்துத் துண்டிப்பது கான்டாக்டர்; அந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் ரிலே அதை விடுவிக்கும். அங்கே வயரைப் போட்டுவிட்டால் ரிலே தலைகீழாக நின்றாலும் மோட்டார் நிற்காது. “அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு போன எலக்ட்ரீஷியன் சரி பண்ணிட்டுப் போனாருங்க” என்றார் மில் மேனேஜர். சரிதான்.

அந்த ரிலே அடிக்கடி விழுந்ததற்குக் காரணமும் எளிதுதான். அது கிளாஸ் 10 ரிலே. டயலில் வைத்த கரண்டைப் போல 7.2 மடங்கு போனால், 4 முதல் 10 விநாடிக்குள் விழ வேண்டும் என்பது அதன் இலக்கணம். பம்பு இரண்டு மூன்று விநாடியில் வேகம் பிடித்துவிடும். அதற்கு கிளாஸ் 10 போதும். கனத்த சக்கரம் சுற்றும் பிளோயரும் அரவை எந்திரமும் வேகம் பிடிக்க 12, 15 விநாடி எடுக்கும். அவற்றுக்கு கிளாஸ் 20 அல்லது 30 வேண்டும். கடையில் “ரிலே கொடுங்க” என்று கேட்டால் கிளாஸ் 10-தான் எடுத்துக் கொடுப்பார்கள். கிளாஸ் என்று ஒன்று இருப்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பிறகு ரிலேயைத் திட்டி ஒரு துண்டு வயரைப் போடுவார்கள்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் இன்னொரு வேடிக்கை உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே, டெல்டாவுக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே ஓடுவது லைன் கரண்ட் அல்ல, அதில் 58 சதவீதம்தான். 25 எச்.பி. மோட்டார் லைனில் 35 ஆம்பியர் எடுத்தால் ரிலே பார்ப்பது 20. நேம் பிளேட்டில் 35 என்று போட்டிருக்கிறதே என்று டயலையும் 35-இல் வைத்தால், அந்த மோட்டார் தன் கரண்டைப் போல ஒன்றே முக்கால் மடங்கு இழுக்கும்வரை ரிலே தூங்கும். இப்படி வைத்திருந்த ஸ்டார்ட்டர்களை நான் வெளியே போன இடங்களில் எல்லாம் பார்த்திருக்கிறேன். வைத்தவர்கள் நேம் பிளேட்டைப் படித்து, கவனமாக டயலைத் திருகியவர்கள்தான், அதுதான் பரிதாபம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள்தான் நடப்பில் இருந்தன. ஒவ்வொரு மோட்டாருக்கும் அருகிலேயே, கைக்கு எட்டும் இடத்தில், தகுந்த திறனுள்ள சுவிட்ச் அல்லது பிரேக்கர் இருக்க வேண்டும் என்றன அவை. ‘தகுந்த திறன்’ எத்தனை ஆம்பியர் என்பதை நம் தலையில் விட்டுவிட்டன. எண் வேண்டுமானால் கம்பெனிக்காரர்கள் அச்சடித்துத் தரும் பட்டியலைப் பார்க்க வேண்டும்: இத்தனை கிலோவாட் மோட்டாருக்கு இந்த பிரேக்கர், இந்த கான்டாக்டர், இந்த ரிலே. ஷார்ட் ஆனால் ஆளுக்கு ஆபத்து வராது, ஆனால் ஸ்டார்ட்டர் கெட்டுப்போகலாம் என்றால் அது டைப் 1. கான்டாக்டரின் முனைகள் லேசாக ஒட்டினாலும் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்றால் டைப் 2. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியல் எப்போதும் அட்டைப்பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும். பெட்டி குப்பைக்குப் போகும்போது அதுவும் போகும்.

2008 வாக்கில் எங்கள் கம்பெனிக்கு அமெரிக்க ஆர்டர் ஒன்று வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் டால்ட்டன் என்றொரு ஊர். தரைக் கம்பளம் நெய்வதில் பெயர்பெற்றது. அங்கே போகும் நூல் எந்திரத்துக்கு கன்ட்ரோல் பேனல் செய்ய வேண்டும். அவர்கள் ஊர் மின் விதித் தொகுப்புப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் தொகுப்பு 1897-இலிருந்து வருகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி அச்சிடுகிறார்கள். தலையணை அளவு புத்தகம். முதலாளி அதை என் மேஜையில் வைத்துவிட்டு, “மோட்டார் எல்லாம் 430-ஆம் பிரிவிலே இருக்காம் தம்பி, பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் வாசிப்பில் தலை சுற்றியது. பிறகு ஒரு 10 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். ஒரே மோட்டாருக்கு அந்தப் புத்தகம் மூன்று எண்ணைத் தருகிறது.

முதலில் வயர். நேம் பிளேட்டில் 12.8 ஆம்பியர் என்று இருந்தது. வயருக்கு அந்த எண்ணைத் தொடாதே என்கிறது புத்தகம். தன்னிடமுள்ள அட்டவணையில் 10 எச்.பி., 460 வோல்ட் என்ற இடத்தில் 14 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அதை எடுத்து 1.25-ஆல் பெருக்கச் சொல்கிறது. 17.5. அதற்கு 12 கேஜ் தாமிர வயர் போதும். நம் கணக்கில் 3.3 சதுர மில்லிமீட்டர். ஏன் நேம் பிளேட்டை நம்பவில்லை? யோசித்தபோது மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன். மோட்டார் எரிந்தால் மாற்றுவார்கள். அடுத்து வரும் 10 எச்.பி. வேறு கம்பெனியாக இருக்கும், கொஞ்சம் அதிகமாகவே இழுக்கும். சுவருக்குள் போன வயரை யாரும் மாற்றமாட்டார்கள். இன்றைக்கு இருக்கும் மோட்டாருக்கு இல்லாமல், இனி அந்த இடத்துக்கு வரப்போகும் எந்த 10 எச்.பி.க்கும் பொருந்துகிற மாதிரி வயரைப் போடு என்கிறார்கள்.

இரண்டாவது, பிரேக்கர். அதே 14-ஐ 250 சதவீதத்தால் பெருக்கு. 35 ஆம்பியர்.

மூன்றாவது, ஓவர்லோடு. இங்கே மட்டும் அட்டவணையை மூடிவிட்டு நேம் பிளேட்டைப் பார்க்கச் சொல்கிறது. ஏனென்றால் இது இந்த மோட்டாரின் உயிர் சம்பந்தப்பட்டது. 12.8-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 16. சர்வீஸ் ஃபாக்டர் (குறித்த சுமைக்கு மேல் எவ்வளவு தாங்கும் என்ற எண்) 1.15-க்குக் குறைந்த மோட்டார் என்றால், சூடேறும் அளவு 40 டிகிரிக்கு மேல் இல்லை என்று குறித்திருந்தாலொழிய, 1.15-ஆல்தான் பெருக்கலாம்.

வரைபடத்தில் 35 ஆம்பியர் பிரேக்கரைப் பார்த்ததும் எங்கள் சீனியர் டிசைனர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கறாரான மனிதர், நல்ல வேலைக்காரர். “பதினாலு ஆம்பியர் மோட்டாருக்கு முப்பத்தஞ்சா? அதுவும் இந்த வயருக்கா? அதே புத்தகத்துலதான் 12 கேஜ் வயருக்கு 20-க்கு மேல பிரேக்கர் போடக் கூடாதுன்னு எழுதியிருக்கே, அதையும் படிச்சீங்களா?” என்றார்.

எழுதியிருக்கிறது. பொதுவான வயரிங்குக்கு அப்படித்தான். பக்கத்திலேயே மோட்டார் சர்க்யூட்டுக்கு விதிவிலக்கும் எழுதியிருக்கிறது. அதைக் காட்டினேன். அவர் மனம் ஒப்பவில்லை. வாதம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போயிற்று. கடைசியில் எனக்குக் கணபதிக் கடை அண்ணன்தான் கைகொடுத்தார். அந்த வயரில் கிளையே இல்லை. அந்த முனையில் ஒரே ஒரு மோட்டார்தான். வயர் சூடாகும் அளவுக்கு நீண்ட நேரம் கரண்ட் போக வேண்டுமானால் அது மோட்டார் இழுக்கும் கரண்டாகத்தான் இருக்க முடியும். அதை 16 ஆம்பியரில் ரிலே பார்த்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பது ஷார்ட் ஒன்றுதான். அதற்கு 35 ஆம்பியர் பிரேக்கரே தாராளம். அந்த நேரத்தில் பாய்வது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டார்கள். நம்மவர்கள் இரண்டு வேலையையும் ஒரே பிரேக்கரிடம் கேட்கிறோம். அதனால் அது ஸ்டார்ட்டில் விழுகிறது, தேவைப்படும்போது விழுவதில்லை.

சீனியர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. 250 சதவீதம் என்பது உச்ச வரம்பு. அவ்வளவு போட்டே ஆக வேண்டும் என்று புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. மோட்டார் கிளம்புகிறது என்றால் 30 போடலாம், 25-கூடப் போடலாம். அமெரிக்க வழக்கத்தைக் காப்பியடிக்கிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, இரண்டரை மடங்கு போடுவதே விதி என்று பாடம் நடத்துகிறார்கள். கணக்கில் வருகிற எண்ணுக்குச் சரியான அளவு பிரேக்கர் இல்லையென்றால் அடுத்த பெரிய அளவுக்குப் போகலாம்: ஏழரை எச்.பி.க்கு 11 ஆம்பியர், இரண்டரை மடங்கு 27.5, ஆகவே 30. அதிலும் கிளம்பவில்லை என்றால்தான் அடுத்த சலுகை: 100 ஆம்பியர் வரையுள்ள மோட்டாருக்கு 400 சதவீதம் வரை. ஆனால் இந்த இடத்தில் மேலே ஏற்ற அனுமதி இல்லை. 14-க்கு நான்கு மடங்கு 56 வந்தால், 60 போட முடியாது. 50-க்கு இறங்க வேண்டும். முதலில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்துவிட்டுக் கடைசிப் படியில் விறைத்துக்கொள்கிற இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

பேனலில் நாங்கள் பட்ட பாடு வேறு பல. நம் ஊரில் பேனலுக்குள் இருக்கும் ரெயிலில் மாட்டும் சின்ன எம்சிபி-களில் பெரும்பாலானவற்றை அவர்கள் துணைப் பாதுகாப்பு என்றுதான் ஒப்புக்கொள்கிறார்கள். மோட்டாரின் கிளைச் சர்க்யூட்டுக்கு முதல் பிரேக்கராக வைக்க விடமாட்டார்கள். யு.எல். 489 என்ற தரத்தில் தேறிய பிரேக்கர் வேண்டும். அது விலையும் அதிகம், உருவமும் பெரிது. பேனல் பெட்டியின் அளவே மாறிப்போனது. பேனல் எவ்வளவு ஷார்ட் சர்க்யூட் கரண்டைத் தாங்கும் என்று வெளியே எழுதி ஒட்ட வேண்டும். அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆர்டருக்குச் சம்பந்தமே இல்லாத 695-ஆம் பிரிவு கண்ணில் பட்டது. தீயணைப்புப் பம்பு பற்றியது. மற்ற மோட்டாருக்கெல்லாம் அத்தனை கண்டிப்பு காட்டிய புத்தகம் இங்கே வேறு ஆளாக மாறிவிடுகிறது. இந்தப் பம்புக்கு மேலே இருக்கும் பிரேக்கர், மோட்டார் சுற்றாமல் இறுகி நின்றால் இழுக்குமே, அந்த ஆறு ஏழு மடங்கு கரண்டைக்கூடக் காலவரையறை இன்றித் தாங்க வேண்டும் என்கிறது. ஓவர்லோடுக்காகப் பம்பு நிற்கக் கூடாது. கட்டிடம் எரியும்போது மோட்டாரைக் காப்பாற்றி என்ன செய்வது? ஓடி ஓடி எரியட்டும். எரிகிற வரைக்கும் தண்ணீர் தரட்டும். விதி எழுதியவர்கள் வெறும் எண்ணை மட்டும் யோசிக்கவில்லை, எதை எதற்காகக் காக்கிறோம் என்றும் யோசித்திருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சீனியரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, “இது எழுதுனவன் மனுசன்” என்றார். அவர் வாயால் ஒரு புத்தகத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

இரண்டு முறைகளிலும் வேலை செய்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது. விடாமல் ஓட வேண்டிய மில்லுக்கு டைப் 2 பட்டியல்படி பொருத்துவதே நல்லது. ஷார்ட் ஆன பிறகும் எந்திரம் சீக்கிரம் எழுந்துகொள்ளும். ஆனால் ஏணி மேல் நின்றுகொண்டு, கையில் பட்டியலும் இல்லாமல், செல்போனில் சிக்னலும் இல்லாமல் முடிவெடுக்க வேண்டிய எலக்ட்ரீஷியனுக்கு அமெரிக்கக் கணக்கு உதவுகிற மாதிரி எதுவும் உதவாது. ஒரு எச்.பி., ஒரு அட்டவணை, மூன்று பெருக்கல். அதையும் ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும்: அவர்கள் ஊர் பிரேக்கர் வேறு, வயர் அளவு வேறு, வோல்ட்டும் சைக்கிளும் வேறு. எண்ணை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. வேலையை இரண்டாகப் பிரிக்கும் அந்தப் புத்தியை எடுத்துக்கொள்ளலாம். 150 மீட்டர் தள்ளிக் கிணறு இருக்கும் தோட்டத்தில் 2.5 மடங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால், பல்லடத்துக் கேபிளின் கதிதான்.

இன்றைக்கும் ஒரு பேஸ் போய்ச் சாகும் மோட்டார்கள் நிறைய. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு பேஸ் போனால், மிச்சமுள்ள இரண்டு லைனிலும் கரண்ட் சுமார் 1.7 மடங்கு ஏறும். 14 ஆம்பியர் 24 ஆகும். அங்கே 20 ஆம்பியர் எம்சிபி இருந்தால்? 24 என்பது அதற்கு 1.2 மடங்கு. தன் அளவைப் போல 1.13 மடங்குக்கு விழக் கூடாது, 1.45 மடங்குக்கு ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது எம்சிபி-யின் தர விதி. 1.2 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விழலாம், விழாமலும் இருக்கலாம். விழாவிட்டாலும் பிரேக்கர் மேல் குற்றமில்லை. மோட்டாருக்கு அவ்வளவு நேரம் இல்லை. காயிலின் சூடு அளவுக்கு மேல் பத்து டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது வைண்டிங் தொழிலில் பழைய கணக்கு. ஒரு பேஸ் போன மோட்டாரில் சூடு பத்தோடு நிற்காது.

ஆகவே உங்கள் தோட்டத்திலோ பட்டறையிலோ அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியடியிலோ மூன்று பேஸ் மோட்டார் இருந்தால், ஒரு நாள் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை இறக்கி, ஸ்டார்ட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். 95-க்கும் 96-க்கும் நடுவில் துண்டு வயர் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ரிலே டயலில் உள்ள எண்ணை நேம் பிளேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். டெல்டாவுக்குள் இருக்கும் ரிலே என்றால் அதில் 58 சதவீதம். மூடியை மூடி மோட்டாரை ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரால் மூன்று லைனையும் தனித்தனியாகப் பார்த்து, கரண்டைச் சுவரிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸ் போனால் நிறுத்தும் ப்ரிவென்டர் இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். ஒரு தடவை காயில் கட்டும் கூலியைவிட அது மலிவு. அடுத்த முறை ஸ்டார்ட்டில் பிரேக்கர் விழுந்தால், பெரிய பிரேக்கர் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால், விழுந்தது காந்தத்தாலா சூட்டாலா என்று அவரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.